சிக்னல் முழுசு, நெட் மட்டும் இழுவை: கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. லேப்டாப்பைக் கேபிளில் போட்டாலும் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்டுவதில்லை. படுக்கையறையில் போனில் வைஃபை கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன, ஆனால் கிடைப்பது 20, 30தான். சாயங்காலம் வீடியோ காலில் குரல் விட்டுவிட்டு வருகிறது. பிளானைப் பெரிதாக்குவதா, ரவுட்டரை மாற்றுவதா?

பதில்:

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்னதில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள் இருக்கின்றன. பெரிய பிளான் அவற்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது. புது ரவுட்டர் ஒருவேளை ஒன்றைத் தீர்க்கலாம். பார்க்கும் வரிசைதான் முக்கியம்: முதலில் கேபிள், பிறகு வைஃபை, கடைசியில் வெளியே போகும் லைன். வைஃபையில் அளந்துவிட்டு லைனைக் குறை சொன்னால் புகார் எங்கும் நகராது.

முதலில் அந்த 94. இவ்வளவு தெளிவான தடயம் கிடைப்பது அபூர்வம். 60, 130 என்று வந்தால் நூறு காரணம் தேடலாம். 93, 94, 95 என்று ஒரே இடத்தில் வந்து நின்றால் வழியில் எங்கேயோ ஈதர்நெட் (கேபிள் வழி இணைப்பு) 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். நூறு ஏன் 94 ஆகிறது? தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும், முன்னும் பின்னும் வரும் குறிகளையும் இடைவெளியையும் சேர்த்து 1538 பைட் செலவாகிறது. அதில் உங்கள் தரவு 1448 முதல் 1460 பைட் வரைதான். வகுத்துப் பாருங்கள், 94 சொச்சம் வரும். டவுன்லோட் பெட்டியில் ‘விநாடிக்கு 11 எம்பி’ என்று காட்டுவதும் இதே எண்தான். ஸ்பீட் டெஸ்ட் பிட்டில் அளக்கிறது, டவுன்லோட் பைட்டில் காட்டுகிறது, ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 300 பிளானில் அந்தப் பெட்டி 35-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் ‘லிங்க் ஸ்பீட்’ வரி இருக்கும். 1000/1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100/100 என்று இருந்தால் கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில். அங்கே 1000 என்று இருந்தும் டெஸ்ட் 94-லேயே நின்றால், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் அந்தக் குட்டிக் கேபிளைப் பாருங்கள். அது கெட்டால் வைஃபை உட்பட வீடு முழுவதும் 94-இல் மாட்டிக்கொள்ளும். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் 5 கிகாஹெர்ட்ஸில் (வைஃபையின் வழக்கமான இரண்டு பட்டைகளில் வேகமானது; மற்றது 2.4) அளந்தால் இது உறுதியாகிவிடும். போனில் 250-க்கு மேல் வந்தால் குட்டிக் கேபிளில் குற்றமில்லை, லேப்டாப் பக்கம்தான் கோளாறு.

காரணங்கள் மூன்றுதான் வழக்கமாகச் சிக்கும். ஒன்று, போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை. பழைய ரவுட்டர்களிலும், மலிவான யுஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர்களிலும் இது சகஜம். இரண்டு, கேபிளில் நான்கு கம்பிதான் இருக்கிறது. மூன்று, எட்டு கம்பியில் ஒன்று அறுந்திருக்கிறது அல்லது கிரிம்பிங் (கம்பிகளைத் தலைக்குள் அழுத்திப் பொருத்துவது) சரியில்லை. பெரும்பாலும் மூன்றாவதுதான்.

கேபிளுக்குள் நான்கு ஜோடி முறுக்கிய கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் போதும், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி போனால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடுகிறது. லைட் எரிகிறது, நெட் வருகிறது, யாருக்கும் சந்தேகமே வராது.

கேபிளின் மேலே கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்கும் சின்னக் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். 1000 வந்துவிட்டால் பழைய கேபிளின் தலையை மாற்றினால் போதும். கம்பிகளை அடுக்கும் முறைக்கு டி568பி வரிசை என்று பெயர், கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மூன்றாவதும் ஆறாவதும்தான் பச்சை ஜோடி. நீல ஜோடி அவற்றுக்கு நடுவே உட்காரும். ‘ஜோடியைப் பிரிப்பானேன்’ என்று பச்சையை 3, 4-இல் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. இரண்டு முனையிலும் அப்படியே வைத்துவிட்டால் எட்டு லைட் டெஸ்டர் வரிசையாக எரிந்து பாஸ் போட்டுவிடும். ஆனால் முறுக்கு ஜோடி மாறிவிட்டதால் வேகத்தில் கேபிள் தடுமாறும். முறுக்கைப் பிரிப்பதும் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மேலுறை கனெக்டருக்குள் நுழைந்து, அதன் பற்கள் உறையைக் கவ்வ வேண்டும். கவ்வாவிட்டால் இழுக்கிற இழுப்பெல்லாம் கம்பியில் விழும்.

கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா? செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. வளைகிற இடத்தில் ஒடியும். அதைச் சரிசெய்து மெனக்கெட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

புதுத் தலையைச் செருகும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், திரையில் 100/100 மாறி 1000/1000, அடுத்த டெஸ்டில் முள் 94-இல் முட்டாமல் 290 வரை ஓடுகிறது. கணினி வேலையில் இவ்வளவு சின்னச் செலவில் கிடைக்கும் பெரிய சந்தோஷம் இது.

இனி படுக்கையறை. வைஃபை கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு என்று பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. அதோடு, ரவுட்டரின் குரல் போனுக்குக் கேட்பதைத்தான் அது காட்டுகிறது. போனின் மெல்லிய குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா, நடுவே எவ்வளவு இரைச்சல் என்பதெல்லாம் கோட்டில் தெரியாது. எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் எதுவும் போதும். மேக்கில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டே மேலே உள்ள வைஃபை குறியைத் தொட்டால் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்), நாய்ஸ் (இரைச்சல்), டிஎக்ஸ் ரேட் (அனுப்பும் வேகம்) எல்லாம் இறங்கும். சிக்னல் பலம் மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 75-க்குக் கீழே போனால் இணைப்பு பெயருக்குத்தான். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சக்தி பத்தில் ஒன்றாகக் குறைகிறது. மைனஸ் 60-க்கும் மைனஸ் 70-க்கும் உள்ள தூரம் அவ்வளவு.

உங்கள் போன் அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. கோடு நிறைந்திருந்தும் 20, 30 வருவது அதன் லட்சணம். 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், அதனால் கோடு நிறையும். ஆனால் அந்தப் பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று விழாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. சுற்றியிருக்கும் எல்லா வீட்டு ரவுட்டரும், புளூடூத்தும், 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். கூட்டம் குறைவு என்று 3-ஐயோ 4-ஐயோ தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசும். பாதி மட்டும் மேலே விழுந்தால் மற்றதன் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். 3-இல் இருக்கும் ரவுட்டர் 1-இல் இருப்பவரையும் 6-இல் இருப்பவரையும் சேர்த்துக் கெடுக்கும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 என்று வைத்தால் அந்தச் சின்னப் பட்டையில் பாதியை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள், பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ரவுட்டர் அமைப்பில் 2.4-க்கும் 5-க்கும் தற்காலிகமாக வேறு வேறு பெயர் கொடுத்து, படுக்கையறையில் 5-ஐ மட்டும் பிடித்து அளந்து பாருங்கள். மைனஸ் 70-க்குள் இருந்தால் வேலை முடிந்தது, போனில் 2.4-இன் பெயரை மறக்கச் செய்துவிட்டு 5-இலேயே விடுங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் அகலமும் இரண்டு ஆன்டெனாவும் உள்ள வைஃபை 5 போனுக்கு லிங்க் ரேட் 866 வரை காட்டும். கைக்கு வருவது அதில் பாதி சொச்சம். அதுவே உங்கள் 300-க்குத் தாராளம்.

5-இல் ஒரு விசித்திரமும் உண்டு. சேனல் 52-இல் தொடங்கி 144 வரை ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் பகுதி. அங்கே கால் வைக்குமுன் ரவுட்டர் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ரேடார் போல ஏதாவது பட்டால் உடனே வெளியேற வேண்டும். வைஃபை பெயரே ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பி வருகிற வீடுகளில், ரவுட்டர் பழுது என்று முடிவுகட்டும் முன் சேனலை 36-க்கு மாற்றிப் பாருங்கள்.

ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரே வரி: டிவி அலமாரிக்குள், இரும்பு பீரோவுக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், வெளியே, தலை உயரத்தில் வையுங்கள். அதன் முதுகில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 3.0-இன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழுகிறது. இன்டெல் 2012-இல் இதை அளந்தே வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் துள்ளித் துள்ளி நகர்கிறது, பேட்டரி மாற்றியும் பயனில்லை என்று திண்டாடுபவர்களுக்கும் இதே வைத்தியம்தான். மவுஸின் டாங்கிளை யுஎஸ்பி 3 டிஸ்கின் பக்கத்திலிருந்து எடுத்து, அரை அடி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். அந்த நொடியே மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடும்.

5 கிகாஹெர்ட்ஸ் அறைக்குள் நுழையவே இல்லையென்றால் ரிப்பீட்டர் வாங்காதீர்கள். ஒரே ரேடியோவில் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லும் சாதனம் அது. வேகம் பாதியாகும், தாமதம் கூடும். அதைவிட, மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டருக்கு உயிர் கொடுக்கலாம். அதன் அமைப்புப் பக்கத்தில் லேன் முகவரியை (வீட்டு நெட்வொர்க்குக்குள் அதன் எண்) 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால்). டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வசதி) அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதன்மையில் உள்ளதே, சேனல் மட்டும் வேறு. பிறகு முதன்மை ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், இணையம் வந்து நுழையும் ‘வேன்’ போர்ட்டில் அல்ல. பெரும்பாலோர் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான்: வேன் போர்ட்டில் போட்டால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகி, படுக்கையறைப் போனுக்குக் கூடத்துப் பிரிண்டர் தெரியாமல் போகும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரவுட்டரும் முகவரி வழங்கத் தொடங்கி, சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது. அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

மூன்றாவது, சாயங்கால வீடியோ கால். இதைத்தான் எல்லோரும் ‘ஸ்பீட் போதவில்லை’ என்று நினைக்கிறார்கள். ஒரு வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் 94 இருந்தபோதே அது இருபது மடங்குக்கு மேல். குரல் உடைவதற்குக் காரணம் தாமதமும், அந்தத் தாமதம் ஏறி இறங்குவதும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

சோதிக்க இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்கள் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் 192.168.1.1-க்கு, அதாவது உங்கள் ரவுட்டருக்கு, பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி என்று அளக்கும் கட்டளை), இன்னொன்றில் வெளியே இணையத்தில் உள்ள 1.1.1.1-க்கு பிங், இரண்டும் நிற்காமல் ஓடட்டும் (விண்டோஸில் கடைசியில் -டி சேர்க்க வேண்டும், நிறுத்த கன்ட்ரோல்-சி). லேப்டாப் நீங்கள் வழக்கமாகக் கால் பேசும் இடத்தில், அதே வைஃபையில் இருக்கட்டும். இப்போது பார்க்க வேண்டியது:

முதல் ஜன்னலே 2, 3, 180, 4, 95 என்று குதித்தால் கோளாறு வைஃபையில். மேலே சொன்னதற்குத் திரும்புங்கள். முதல் ஜன்னல் 1-க்கும் 4-க்கும் இடையில் அமைதியாக இருந்து, இரண்டாவது மட்டும் குதித்தால் கோளாறு ரவுட்டருக்கு வெளியே. இப்போது போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை கிளவுடில் ஏற்றத் தொடங்குங்கள். இரண்டாவது ஜன்னலில் 12, 14 என்று இருந்தது 200, 400 என்று ஏறி, அப்லோட் முடிந்ததும் மறுபடி 12-க்கு இறங்குகிறதா? ஆள் பிடிபட்டுவிட்டார்.

இதற்கு பஃபர்பிளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிபுணர் வைத்தது. ரவுட்டரிலும் மோடத்திலும் நினைவகம் மலிவானபோது, பொட்டலம் எதையும் தொலைக்கக் கூடாது என்று நீளமான வரிசைகளை வைத்துவிட்டார்கள். ஒரே கவுன்ட்டரில் முன்னால் நிற்பவர் வண்டி நிறையச் சாமான் தள்ளிக்கொண்டு வந்தால், ஒற்றைப் பொருளோடு பின்னால் நிற்பவர் கதி என்னவோ அதுவே உங்கள் குரலுக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு போனும் வைஃபையைப் பிடித்ததும் அன்றைய போட்டோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறது. நேரம் பொருந்துவது அதனால்தான். கிளவுடில் பதிவாகும் பாதுகாப்புக் கேமரா இருந்தால் நாள் முழுக்கவே இந்தத் தொல்லை.

தீர்வு ரவுட்டரிலேயே இருக்கிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறையும், அதை விரித்துச் செய்த எஃப்க்யூ-கோடெலும், ‘கேக்’ என்ற முறையும் இந்த வரிசையைக் குட்டையாக வைத்திருக்கும். சிறிய உரையாடல்களை முன்னால் விடும். ரவுட்டர் அமைப்பில் எஸ்க்யூஎம் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) அல்லது ‘அடாப்டிவ் க்யூஓஎஸ்’ போன்ற பெயரில் தேடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்றே தனிப் பொதி உண்டு. கேபிளில் அளந்த அப்லோட், டவுன்லோட் எண்களில் 90 சதவீதத்தை அதில் எழுதுங்கள். பிளானில் சொன்ன எண்ணை அப்படியே எழுதினால் பயனில்லை: வரிசை நம் ரவுட்டரில் நின்றால்தான் நாம் ஒழுங்குபடுத்த முடியும், அதற்கு லைனைவிடக் கொஞ்சம் மெதுவாக நாமே ஓட வேண்டும். மீதிப் பத்து சதவீதம் அதற்குக் கொடுக்கும் விலை. தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த வேலை ரவுட்டரின் பிராசஸர் தலையில் விழும். பழைய ரவுட்டர் 300-க்கு மூச்சுவாங்கி 120-இல் நிற்கலாம். அப்போது அப்லோடுக்கு மட்டும் போட்டு, டவுன்லோடை விட்டுவிடுங்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் அப்லோட்தான். ரவுட்டரில் இந்த வசதியே இல்லையென்றால் போட்டோ ஆப்பில் ‘சார்ஜ் ஏறும்போது மட்டும்’ என்ற வசதி இருந்தால் அதை வைத்தாலே பாதித் தொல்லை தீரும். புது ரவுட்டர் வாங்கும் நாள் வந்தால், பெட்டியில் எத்தனை ஆன்டெனா என்று எண்ணாமல் எஸ்க்யூஎம் உண்டா என்று கேளுங்கள்.

வீட்டில் யாரும் எதையும் ஏற்றவில்லை, கேபிளில்தான் அளக்கிறீர்கள், அப்படியும் இரவு 9 மணிக்கு இரண்டாவது ஜன்னல் ஆடுகிறது, காலை 6 மணிக்கு ஆடவில்லை என்றால் நெரிசல் சேவை நிறுவனத்தின் பக்கம். இரண்டு நேரத்தின் திரைப்பிடிப்பையும் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்றால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். ‘கேபிளில் அளந்தேன், ரவுட்டருக்கு 1 மில்லி விநாடி, வெளியே 140, காலையில் 12’ என்றால் அடுத்த நிலை ஆளிடம் போகும். கூடவே ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ (வந்து சேரும் ஒளியின் பலம்) என்ற வரியையும் படித்துச் சொல்லுங்கள். வீடுகளுக்கு வழக்கமாக வரும் ஜிபான் வகை ஃபைபரில் மைனஸ் 15-க்கும் மைனஸ் 25 டிபிஎம்முக்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐத் தொட்டால் விளிம்பில் தொங்குகிறது. பெட்டிக்குப் பின்னால் ஃபைபர் ஒயர் சோபாக் காலில் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அகலமான வளைவாக விட்டாலே சில டெசிபல் திரும்பி வரும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பக்கம் திறக்க நான்கைந்து விநாடி யோசித்துவிட்டு, பிறகு மொத்தமும் சட்டென்று வந்து விழுகிறதா? அது வேகமே அல்ல, டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை. ரவுட்டரின் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. அங்கே ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிப் பயனில்லை.

ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்தால், அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது எழுந்தால், அடாப்டரைச் சந்தேகியுங்கள். உள்ளே கெப்பாசிட்டர் வயதானதும், சுமை ஏறும்போது 12 வோல்ட் கீழே சரியும். மாற்று அடாப்டரில் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்ப் அதே அல்லது கூடுதலாக இருக்கலாம். முனையின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்ற குறியும், முனையின் பருமனும் பழையதோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.